ஓய்வூதியச் சலுகை அட்டை இல்லை, நோய் மட்டும் இருக்கிறது: ஆஸ்திரேலியத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, முடக்குவாதம், நரம்புத் தளர்ச்சி, இதய நோய் என ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோயுடன் ஆஸ்திரேலியாவில் வாழ்கிறவர்களில் பலருக்கு மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் கிடைப்பதில்லை, அதனுடன் வரும் சலுகை அட்டையும் கிடைப்பதில்லை. அவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் படிவங்களை நிரப்பித் தரும்போது ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அட்டை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் கேட்காமலேயே இருந்துவிடுவதுதான் நான் மிக அதிகமாகக் காணும் இழப்பு. பல உதவிகள் வருமானத்தையோ அட்டையையோ பார்ப்பதில்லை. நோயையும் அதனால் வந்த இயலாமையையும் மட்டுமே பார்க்கின்றன. தொகைகளும் விதிகளும் 2026 தொடக்கத்தில் இருந்தபடி தரப்பட்டுள்ளன.

என்னிடம் மெடிகேர் அட்டை இருக்கிறதே, அதுதானே சலுகை அட்டை?

இல்லை. மெடிகேர் அட்டை என்பது அரசு மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம் மட்டுமே. சலுகை அட்டைகள் வேறு. அவற்றை அரசின் சமூகநல உதவிகளைக் கவனிக்கும் சென்டர்லிங்க் தருகிறது. ஓய்வூதியம் பெறுவோருக்கு ஓய்வூதியர் சலுகை அட்டையும், சில கொடுப்பனவுகளைப் பெறுவோருக்கும் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் ஹெல்த் கேர் கார்டும், முதியோர் ஓய்வூதிய வயதான 67ஐ எட்டியும் ஓய்வூதியம் கிடைக்காதவர்களுக்கு மூத்தோர் சுகாதார அட்டையும் உண்டு. இந்தப் பக்கத்தில் “அட்டை” என்று நான் எழுதும்போதெல்லாம் இந்த மூன்றில் ஒன்றையே குறிப்பிடுகிறேன்.

பத்து வருடமாக நோயாளி நான். மாத்திரை இல்லாத நாளே இல்லை. பிறகு ஏன் ஓய்வூதியம் தர மறுக்கிறார்கள்?

மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் நோயின் பெயருக்காகவோ அது எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்காகவோ தரப்படுவதில்லை. நோய் முறையாகக் கண்டறியப்பட்டு, நியாயமான சிகிச்சை அளிக்கப்பட்டு, நிலைபெற்றுவிட்டது என்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். அதன் பிறகு, இயலாமை அட்டவணைகள் என்ற அளவுகோலின்படி 20 புள்ளிகள் வர வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு வாரம் 15 மணி நேரம்கூட வேலை செய்ய முடியாது என்பதும் நிறுவப்பட வேண்டும். இவற்றுடன் பொதுவாக 10 ஆண்டு வசிப்புக் காலமும், உங்கள் வருமானம், சொத்து ஆகியவற்றோடு துணைவரின் வருமானமும் சொத்தும் சேர்த்துப் பார்க்கப்படும் சோதனையும் உள்ளன.

பெரும்பாலானோர் சறுக்குவது அந்த 20 புள்ளிகளில்தான். ஒரே அட்டவணையில் 20 கிடைத்தால் அது கடுமையான இயலாமையாகக் கொள்ளப்படும். மூட்டு வலிக்கு 10, மனச்சோர்வுக்கு 10 என்று இரண்டு அட்டவணைகளிலிருந்து சேர்ந்து வந்தால், விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கமாக 18 மாதங்கள் ஒரு வேலைவாய்ப்பு ஆதரவுத் திட்டத்தில் பங்கேற்றிருக்க வேண்டும். இந்த விதியைப் பலர் மறுப்புக் கடிதத்தைப் படித்த பிறகே முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். பல உறுப்புகளைச் சிறிது சிறிதாகப் பாதிக்கும் நோய் உள்ளவர்களுக்கு இந்த முறை நியாயமாக இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் விதி இதுவாக இருக்கும்வரை, சான்றுகளை அதற்கேற்பத் திரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஓய்வூதியம் கிடைக்காது என்றால் எந்த அட்டையும் கிடைக்காது, அப்படித்தானே?

அப்படி இல்லை. குறைந்த வருமானத்துக்கான ஹெல்த் கேர் கார்டுக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். அதற்கு எந்தக் கொடுப்பனவும் பெற்றுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்துக்கு முந்தைய எட்டு வாரங்களின் சராசரி வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். சொத்துச் சோதனை கிடையாது. ஆகவே சொந்த வீடும் வங்கியில் கொஞ்சம் சேமிப்பும் இருந்து, நோயால் வேலை நேரம் குறைந்துவிட்ட குடும்பத்துக்கும் இது கிடைக்கக்கூடும். மூத்தோர் சுகாதார அட்டைக்கும் சொத்துச் சோதனை இல்லை. அதன் வருமான வரம்பும் ஓய்வூதியத்தின் வரம்பைவிட மிக உயர்வானது.

இன்னொரு வழியும் உண்டு. நோயால் தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாதவர்கள், வேலை கைவசம் இருந்தாலும்கூட, மருத்துவச் சான்றிதழுடன், வேலை தேடுவோருக்கான ஜாப்சீக்கர் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்தில் வேலை தேடும் கட்டாயத்திலிருந்து விலக்குக் கேட்க முடியும். வாரம் 30 மணி நேரத்துக்குக் குறைவாகவே வேலை செய்ய இயலும் என்று சென்டர்லிங்க் மதிப்பிட்டுவிட்டால், ஜாப்சீக்கர் பெறுகிறவருக்கும் ஓய்வூதியர் சலுகை அட்டை கிடைக்கலாம். அதனால் அந்த மதிப்பீட்டைத் தட்டிக் கழிக்காதீர்கள். புதிதாக நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கு ஜாப்சீக்கருக்கும் குறைந்த வருமான அட்டைக்கும் நான்கு ஆண்டுக் காத்திருப்புக் காலம் உள்ளது.

அட்டை இல்லாவிட்டால் குடும்ப மருத்துவரைப் பார்க்க ஒவ்வொரு முறையும் பணம் கட்டத்தான் வேண்டுமா?

2025 நவம்பர் 1 முதல் நிலைமை மாறியிருக்கிறது. பல்க் பில்லிங் செய்யும், அதாவது நோயாளியிடம் பணம் வாங்காமல் கட்டணத்தை மெடிகேரிடமே பெற்றுக்கொள்ளும் மருத்துவருக்கு அரசு தரும் ஊக்கத்தொகை அதுவரை 16 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அட்டை உள்ளவர்களுக்கும் மட்டுமே பொருந்தியது. இப்போது மெடிகேர் உள்ள அனைவருக்கும் பொருந்துகிறது. எல்லாக் குடும்ப மருத்துவர்களும் கட்டணத்தை விட்டுவிடவில்லை, அதற்குக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் “உங்களிடம் அட்டை இல்லை, ஆகவே முடியாது” என்று முன்பு சொன்ன இடத்திலேயே மறுபடியும் கேட்டுப் பார்க்கலாம்.

அதைவிட முக்கியமானது, ஆறு மாதமாவது நீடித்த அல்லது நீடிக்கக்கூடிய நோய் உள்ள எவருக்கும் குடும்ப மருத்துவர் தயாரித்துத் தரக்கூடிய நாள்பட்ட நோய் மேலாண்மைத் திட்டம். 2025 ஜூலை 1 முதல் பழைய இரண்டு திட்டங்களுக்குப் பதிலாக இந்த ஒரே திட்டம் நடைமுறையில் உள்ளது. இதன் கீழ் ஒரு நாட்காட்டி ஆண்டில் ஐந்து முறை உடலியக்கச் சிகிச்சையாளர், உணவியல் வல்லுநர், பாத மருத்துவர் போன்றோரை மெடிகேர் உதவியுடன் பார்க்கலாம். ஐந்தும் ஒருவரிடமே என்றும் வைத்துக்கொள்ளலாம், பிரித்தும் கொள்ளலாம். ஒவ்வொரு முறைக்கும் மெடிகேர் திருப்பித் தருவது சுமார் 60 டாலர். சிலர் அதற்கு மேல் வாங்குவதில்லை, சிலர் வாங்குகிறார்கள். முன்பதிவு செய்யும்போதே “மெடிகேர் தொகைக்கு மேல் நான் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்று கேட்டுவிடுங்கள். திட்டம் கடைசியாக எழுதப்பட்டோ மறுபார்வை செய்யப்பட்டோ 18 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாய்ப்பு நின்றுவிடும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, இந்த ஐந்தைத் தவிர, குழுப் பயிற்சி அமர்வுகளும் உண்டு. மனநலச் சிகிச்சைத் திட்டம் தனி. அதில் ஆண்டுக்குப் பத்து அமர்வுகள் வரை உதவி கிடைக்கும். நாள்பட்ட வலியோடு இருப்பவர்கள் இந்த இரண்டாவது திட்டத்தையும் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

மாதம் எட்டு மருந்து வாங்குகிறேன். அட்டை உள்ளவருக்கு 7.70 டாலர், எனக்கு முழு விலை. இதற்கு வழியே இல்லையா?

முழு விலையை நீங்கள் கட்டுவதில்லை. அரசு மானியப் பட்டியலில் உள்ள மருந்துக்கு அட்டை இல்லாதவர் கட்டும் உச்சத்தொகை 2025இல் 31.60 டாலராக இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் 25 டாலராகக் குறைக்கப்பட்டுள்ளது. உண்மை விலை 25 டாலருக்குக் கீழே உள்ள மருந்துகள் கடைக்குக் கடை வேறுபடும், எனவே அவற்றை விசாரித்து வாங்குவது பயன் தரும். 2023 செப்டம்பரில் தொடங்கிக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்த 60 நாள் மருந்துச் சீட்டு, நிலையான நோய் உள்ளவர்களுக்கு இன்னும் பெரிய உதவி. இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான பல மருந்துகளுக்கு ஒரே கட்டணத்தில் இரண்டு மாத மருந்து கிடைக்கிறது. மருத்துவர் தாமாக எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பலரும் தவறவிடுவது மருந்துச் செலவுக்கான பாதுகாப்பு வரம்பு. ஒரு நாட்காட்டி ஆண்டில் உங்கள் குடும்பம் மொத்தமாகச் செலவிட்ட தொகை அரசு வகுத்த வரம்பை எட்டியதும், மீதி ஆண்டு முழுவதும் அட்டை உள்ளவர் கட்டும் அதே 7.70 டாலரையே நீங்களும் கட்டுவீர்கள். கணவன், மனைவி, சார்ந்துள்ள பிள்ளைகள் எல்லோருடைய மருந்தும் ஒரே கணக்கில் சேரும். ஒரே கடையில் வாங்கினால் அவர்களே கணக்கு வைத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று கடைகளில் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு கடையிலும் மருந்துப் பதிவுத் தாளைக் கேட்டு வாங்கி, முத்திரையோடு ஓர் உறையில் வைக்க வேண்டும். குறிப்பிட்ட வணிகப் பெயருக்காகக் கூடுதலாகக் கட்டும் தொகை இந்தக் கணக்கில் சேராது. முந்தைய முறை வாங்கிய சில நாட்களுக்குள்ளேயே மறுபடி வாங்கிய சில மருந்துகளும் சேராமல் போகலாம்.

இதே போல மருத்துவர் கட்டணங்களுக்கு மெடிகேர் பாதுகாப்பு வரம்பு தனியாக உண்டு. தனி நபர்களின் கணக்கை மெடிகேரே வைத்துக்கொள்ளும். தம்பதிகளும் குடும்பங்களும் பதிவு செய்துகொண்டால்தான் எல்லோர் செலவும் ஒன்றாகச் சேரும். ஒரே மெடிகேர் அட்டையில் பெயர்கள் இருப்பது மட்டும் பதிவாகாது.

ஊசி, பட்டை, பை, டயப்பர் இவற்றுக்கே மருந்தைவிட அதிகம் செலவாகிறது. இவற்றுக்கு உதவி உண்டா?

சர்க்கரை நோயாளிகள் தேசிய நீரிழிவுச் சேவைத் திட்டத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். தொலைபேசி எண் 1800 637 700. அட்டை தேவையில்லை. ஊசிமுனைகள் இலவசமாகவும் பரிசோதனைப் பட்டைகள் மானிய விலையிலும் கிடைக்கும். முதல் வகை நோயாளிகளுக்குத் தொடர் சர்க்கரை அளவுக் கருவிக்கும் 2022 ஜூலை முதல் மானியம் உண்டு. குடல் அல்லது சிறுநீர்ப்பை அறுவைக்குப் பின் வயிற்றில் பை பொருத்தியிருப்பவர்கள் ஸ்டோமா சங்கம் ஒன்றில் உறுப்பினராகி, சிறிய ஆண்டுச் சந்தாவுக்குப் பொருள்களை இலவசமாகப் பெறலாம். இதற்கும் மெடிகேர் இருந்தால் போதும்.

சிறுநீர், மலம் அடக்க இயலாதவர்களுக்கான உதவித்தொகையில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாதிப்பு நிரந்தரமாகவும் கடுமையாகவும் இருந்து, பட்டியலில் உள்ள நரம்பியல் நோயால் வந்ததாயின் அட்டை கேட்கப்படுவதில்லை; வேறு நோயால் வந்ததாயின் ஓய்வூதியர் சலுகை அட்டை வேண்டும். பார்க்கின்சன் நோயோ பக்கவாதமோ உள்ள ஒருவருக்காக இந்தப் படிவத்தை நிரப்பும் செவிலியர் எந்தக் காரணத்தைக் குறிக்கிறார் என்பதை அருகிலிருந்து பாருங்கள்.

அரசு மருத்துவமனை இலவசம் என்கிறார்கள், ஆம்புலன்சுக்கு மட்டும் பெரிய கட்டணம் வந்ததே?

அரசு மருத்துவமனையில் மெடிகேர் நோயாளியாகச் சேர்ந்தால் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அங்குள்ள வெளிநோயாளர் சிறப்பு மருத்துவப் பிரிவுகளும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் ஆம்புலன்ஸ் மெடிகேரில் அடங்காது. குவீன்ஸ்லாந்தும் டாஸ்மேனியாவும் தம் மாநில மக்களுக்கு அந்தச் செலவை ஏற்கின்றன. மற்ற இடங்களில் அட்டை இல்லாதவர்கள் ஆண்டுச் சந்தாவோ ஆம்புலன்ஸ் காப்பீடோ எடுத்துக்கொள்வது அவசியம். மூச்சுத் திணறலோ வலிப்போ இதய நோயோ உள்ள வீட்டில் இதைத் தள்ளிப் போடவே கூடாது.

நகரத்திலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்குச் சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் போகும் பயணச் செலவிலும் தங்கும் செலவிலும் ஒரு பகுதியை மாநில அரசுகள் தருகின்றன. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் பொதுவாக ஒரு வழித் தொலைவு 100 கிலோமீட்டர், குவீன்ஸ்லாந்தில் 50 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். சில மாநிலங்களில் அவர்களுக்குக் கழிவு போகக் குறைவாகக் கிடைக்கும்.

பல் வைத்தியம்?

இங்கே அட்டை உண்மையிலேயே தடைதான். பெரியவர்களுக்கான அரசுப் பல் மருத்துவம் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் அட்டை உள்ளவர்களுக்கே. நோயால் வருமானம் குறைந்தவர்கள் முதலில் குறைந்த வருமான அட்டைக்கு முயல்வதற்கு இதுவே போதிய காரணம். பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கூடங்களில் மாணவர்கள் மேற்பார்வையின் கீழ் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை தருகிறார்கள்.

குளிக்கவும் சமைக்கவும் வீட்டைப் பெருக்கவும் முடியவில்லை. இதற்கு யாரைக் கூப்பிடுவது?

வயதைப் பொறுத்து வழி மாறுகிறது. 65 வயதைக் கடந்தவர்கள் மை ஏஜ்டு கேர் சேவையை 1800 200 422 என்ற எண்ணில் அழைத்து மதிப்பீடு கேட்கலாம். ஓய்வூதியம் இல்லை என்பதால் யாரும் மறுக்கப்படுவதில்லை. கட்டணம் மட்டும் வருமானத்துக்கேற்ப மாறும். சிறிய உதவிகளுக்குக் காமன்வெல்த் இல்ல ஆதரவுத் திட்டமும், அதிக உதவி தேவைப்படுவோருக்கு 2025 நவம்பரில் தொடங்கிய சப்போர்ட் அட் ஹோம் திட்டமும் உள்ளன.

65 வயதுக்குக் கீழே இருந்து, அடுத்த கேள்வியில் வரும் என்.டி.ஐ.எஸ். என்ற தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள்தான் மிகவும் தவிக்கிறார்கள். விக்டோரியாவில் இளையோருக்கான இல்ல, சமூகப் பராமரிப்புத் திட்டமும், குவீன்ஸ்லாந்தில் சமூக ஆதரவுத் திட்டமும் இவர்களுக்காகவே உள்ளன. எல்லா மாநிலங்களிலும் இதற்கு ஈடான ஏற்பாடு இல்லை. எங்கே இருந்தாலும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்க்காமல் வீடு திரும்பாதீர்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் சில வாரங்களுக்குக் கிடைக்கக்கூடிய உதவிகளை ஏற்பாடு செய்யும் அதிகாரமும் பழக்கமும் அவருக்கு உண்டு. “சமூகப் பணியாளரைச் சந்திக்க வேண்டும்” என்று வார்டு செவிலியரிடம் சொன்னால் போதும்.

என்.டி.ஐ.எஸ். ஊனமுற்றவர்களுக்கு மட்டும்தானே? எனக்கு இருப்பது நோய்.

நோய்க்கான சிகிச்சை சுகாதாரத் துறையின் பொறுப்பு என்பதால் மருந்தையும் மருத்துவரையும் அந்தத் திட்டம் தராது. ஆனால் நோய் ஏற்படுத்திய இயலாமை நிரந்தரமாக இருந்து, நடமாட்டம், தன்னைப் பராமரித்துக்கொள்ளுதல், பேச்சு, கற்றல், பழகுதல் போன்றவற்றில் ஒன்றையாவது கணிசமாகக் குறைத்திருந்தால் நோயாளியும் தகுதி பெறலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் உள்ளவர்கள் பலர் இப்படித்தான் சேர்ந்திருக்கிறார்கள். வருமானச் சோதனையும் சொத்துச் சோதனையும் கிடையாது. விண்ணப்பிக்கும்போது 65 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ, நியூசிலாந்தவருக்கான பாதுகாக்கப்பட்ட சிறப்பு விசாவோ இருக்க வேண்டும். தொலைபேசி எண் 1800 800 110. உங்களுக்கு 63 அல்லது 64 வயதாகிறதென்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

டாக்டர் கடிதம் கொடுத்தார், அப்படியும் நிராகரித்துவிட்டார்கள். இன்னும் என்னதான் எழுத வேண்டும்?

நான் பார்த்த நிராகரிக்கப்பட்ட கடிதங்களில் பல, நோயின் பெயரையும் மருந்துகளின் பட்டியலையும் மட்டுமே கொண்டிருந்தன. ஓய்வூதியத்துக்கான புள்ளிகளைப் பற்றி மேலே சொன்னதையும் என்.டி.ஐ.எஸ். பார்க்கும் செயல்பாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், அதிகாரி எதைத் தேடுகிறார் என்பது விளங்கும். “இவருக்கு முடக்குவாதம் உள்ளது, நடக்கச் சிரமப்படுகிறார்” என்ற வரி யாருக்கும் பயன்படாது. “காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் விரல்களை மடக்க முடியாது, சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுகிறார், இரண்டு லிட்டர் பால் குப்பியை ஒரு கையால் தூக்க முடியாது, கடைக்குள் பத்து நிமிடம் நடந்தால் உட்கார இடம் வேண்டும், வாரத்தில் நான்கு நாட்கள் இப்படி” என்ற வரிகளை அட்டவணையோடு ஒப்பிட முடியும்.

இதை மருத்துவர் தாமாக அறிந்திருக்க மாட்டார், ஏனென்றால் பத்து நிமிடச் சந்திப்பில் நம்மவர்கள் “பரவாயில்லை டாக்டர்” என்றே சொல்லிவிட்டு வருகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பேட்டில் எதைச் செய்ய முடியவில்லை, யார் உதவினார்கள், அதன் பின் எவ்வளவு நேரம் படுத்திருக்க வேண்டியிருந்தது என்பதை எழுதி, கடிதம் கேட்கும்போது கையில் கொடுங்கள். நல்ல நாளை அல்ல, வழக்கமான நாளை எழுதுங்கள். முயன்ற சிகிச்சைகள் எவை, இனி முன்னேற்றம் எதிர்பார்க்கலாமா என்பதையும் சிறப்பு மருத்துவர் குறிப்பிட வேண்டும். இவை இல்லையென்றால் நோய் நிலைபெறவில்லை என்றே முடிவு செய்வார்கள்.

கணவர் நன்றாகச் சம்பாதிக்கிறார், அதனால் எனக்கு ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். பார்த்துக்கொள்ளும் அத்தைக்காவது ஏதாவது உண்டா?

உண்டு. தினமும் உங்களைக் கவனித்துக்கொள்கிறவருக்குப் பராமரிப்பாளர் படி கிடைக்கலாம். இது இரு வாரங்களுக்கு ஏறத்தாழ 160 டாலர். சொத்துச் சோதனை இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000 டாலருக்குக் கீழே இருந்தால் போதும். பராமரிப்பாளர் வேலைக்குப் போனாலும் பெறலாம். புதிதாக வந்த நிரந்தர வதிவாளருக்குக் காத்திருப்பு ஓராண்டு. இதே போன்ற பெயருள்ள பராமரிப்பாளர் கொடுப்பனவு என்பது வேறு. அது முழுநேரமாகப் பார்த்துக்கொள்வதால் வேலைக்குப் போக முடியாதவர்களுக்கானது. அதில் வருமானமும் சொத்தும் கடுமையாகப் பார்க்கப்படும்.

பணத்துக்கு அப்பால், கேரர் கேட்வே என்ற அரசுச் சேவை 1800 422 737 என்ற எண்ணில் உள்ளது. பராமரிப்பாளருக்கு ஆலோசனை, பயிற்சி, சில நாள் ஓய்வெடுக்க மாற்று ஆள் ஏற்பாடு ஆகியவற்றைத் தருகிறது. அட்டையோ வருமானக் கணக்கோ கேட்பதில்லை. மாமியாரையோ மகனையோ பார்த்துக்கொள்வதைக் கடமை என்று மட்டும் கருதுவதால், தாங்கள் பராமரிப்பாளர் என்ற எண்ணமே நம் வீடுகளில் பலருக்கு வருவதில்லை. கடமையைச் செய்கிறவரின் முதுகும் ஒரு நாள் வலிக்கும். அதற்கு முன்பே கூப்பிடுங்கள்.

உடம்பு முடியவில்லை. வேலையை விட்டுவிடலாமா?

ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளத்துடன் உடல்நல விடுப்பு உண்டு. 12 மாதத்தில் மொத்தம் மூன்று மாதத்துக்கு மேற்படாமல் சான்றிதழுடன் நோய்க்காக வராதிருந்தால், அந்தக் காரணத்துக்காக உங்களை நீக்கக் கூடாது. ஓராண்டு பணி முடித்தவர் இயலாமையைக் காரணம் காட்டி நேர மாற்றத்தையோ வீட்டிலிருந்து பணிபுரிவதையோ எழுத்தில் கேட்டால், 21 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நாற்காலி, மேசை, மென்பொருள் போன்ற மாற்றங்களுக்கு ஜாப்அக்சஸ் சேவை (1800 464 800) மூலம் அரசே பணம் தரும் ஏற்பாடும் இருக்கிறது.

கடைசியானதுதான் மிகப் பெரியது: உங்கள் சூப்பர் கணக்கு, அதாவது முதலாளி உங்கள் ஓய்வுக்காலத்துக்காகப் பணம் செலுத்தும் சேமிப்பு. பலரின் கணக்குகளில் நிரந்தர இயலாமைக் காப்பீடும் சிலவற்றில் வருமானப் பாதுகாப்புக் காப்பீடும் அவர்களுக்குத் தெரியாமலேயே இருக்கின்றன. பழைய கணக்குகளை ஒன்றாகச் சேர்த்தால் அந்தக் காப்பீடு போய்விடும். 16 மாதங்கள் பணம் எதுவும் வராத கணக்கிலும், நீங்கள் எழுதிக் கேட்காவிட்டால், காப்பீட்டை நிறுத்திவிடுவார்கள். சூப்பர் நிறுவனத்தை அழைத்து “வேலையை விட்ட தேதியில் எனக்கு என்ன காப்பீடு இருந்தது?” என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். முன்பே வேலையை விட்டுவிட்டவர்களும் கேட்கலாம்.

சூப்பர் பணத்தையே எடுத்துச் செலவு செய்தால் என்ன?

உயிருக்கு ஆபத்தான நோய், கடுமையான அல்லது நாள்பட்ட வலி, மனநோய் ஆகியவற்றின் சிகிச்சைக்கு, வேறு வழியில் பணம் கட்ட முடியாதபோது, வரித்துறையிடம் கருணை அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். இரண்டு மருத்துவர்களின் அறிக்கை வேண்டும், ஒருவர் அந்த நோய்க்கான சிறப்பு மருத்துவராக இருக்க வேண்டும். தொடர்ந்து 26 வாரம் சென்டர்லிங்க் கொடுப்பனவு பெற்று, அன்றாடச் செலவுக்கே திண்டாடுகிறவர்கள் நிதி நெருக்கடியின் பேரில் 12 மாதத்துக்கு 10,000 டாலர் வரை தம் சூப்பர் நிறுவனத்திடமே கேட்கலாம். இவற்றுக்கு வரி பிடிப்பார்கள். 24 மாதத்துக்குள் உயிர் பிரியலாம் என்று இரண்டு மருத்துவர்கள் சான்றளித்தவர்களுக்கு மட்டும் முழுத் தொகையும் வரியின்றிக் கிடைக்கும். காப்பீட்டு விவரம் கைக்கு வரும்வரை கணக்கைக் காலி செய்யக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

கரண்ட் பில், வீட்டுக் கடன் இரண்டும் நிலுவை. அட்டை இல்லாதவர்களுக்குத் தள்ளுபடி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

தள்ளுபடி வேறு, நெருக்கடி உதவி வேறு. மின் நிறுவனங்கள் கட்ட இயலாத எந்த வாடிக்கையாளருக்கும் தவணை ஏற்பாடு தரச் சட்டப்படி கடமைப்பட்டவை. அதற்கு அட்டை தேவையில்லை. வீட்டில் மூச்சுக் கருவியோ டயாலிசிஸ் இயந்திரமோ இருந்தால், உயிர்காப்புக் கருவி உள்ள வீடாகப் பதிவு செய்யுங்கள். அதன் பின் கட்டண நிலுவைக்காக மின்சாரத்தைத் துண்டிக்க முடியாது. நியூ சவுத் வேல்ஸில் அந்தக் கருவிகளுக்கான கட்டணக் கழிவும் அட்டை இன்றிக் கிடைக்கும். விக்டோரியாவில் அட்டை கேட்கிறார்கள்.

கடனுக்கு, வங்கியிடம் “நிதி நெருக்கடி” என்ற காரணத்தைக் குறிப்பிட்டுத் தவணை மாற்றம் கேளுங்கள். தேசியக் கடன் உதவித் தொலைபேசி (1800 007 007) இலவச நிதி ஆலோசகரை ஏற்பாடு செய்யும். குளிர்சாதனப் பெட்டி பழுது போன்ற செலவுக்கு வட்டியில்லாக் கடன் திட்டத்தில் அட்டை இல்லாத தனி நபரும் ஆண்டு வருமானம் 70,000 டாலருக்குக் கீழ் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். இருவருக்கும் சர்க்கரை, பிரஷர். அவர்களுக்கு ஏதாவது உண்டா?

பார்வையாளர் விசாவில் இருந்தால் மெடிகேர் இல்லை. ஆஸ்திரேலியா மருத்துவ ஒப்பந்தம் செய்துள்ள நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. ஆகவே புறப்படும் முன்பே, ஏற்கனவே உள்ள நோய்களையும் ஏற்கும் காப்பீடு வேண்டும். நிரந்தரப் பெற்றோர் விசா கிடைத்தவர்களுக்கு மெடிகேர் உண்டு. மேலே சொன்ன மருத்துவத் திட்டமும் மருந்து மானியமும் அன்று முதலே அவர்களுக்கும் பொருந்தும். ஓய்வூதியத்துக்குத்தான் பொதுவாகப் பத்தாண்டு வசிப்பு வேண்டும். புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களுக்கு விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் அரசு மருத்துவமனைகள் மெடிகேர் இல்லாவிட்டாலும் கட்டணமின்றிச் சிகிச்சை தர ஏற்பாடு உண்டு. மெல்பேர்ணில் புகலிடம் தேடுவோர் வள நிலையமும் சிட்னியில் புகலிடம் தேடுவோர் நிலையமும் வழிகாட்டுகின்றன.

இந்த எண்களை எல்லாம் கூப்பிட எனக்கு இங்கிலீஷ் வராதே?

131 450 என்ற எண்ணை அழைத்து “தமிழ்” என்று சொன்னால், உரைபெயர்ப்பாளர் இணைப்பில் வந்து நீங்கள் கேட்கும் அலுவலகத்தை அழைப்பார். சென்டர்லிங்குக்குத் தமிழில் பேச 131 202. குடும்ப மருத்துவரும் அரசு மருத்துவமனையும் உங்களிடம் பணம் வாங்காமலேயே உரைபெயர்ப்பாளரை வரவழைக்க முடியும், முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பள்ளி செல்லும் பிள்ளையை வைத்து நோய் விவரம் பேசாதீர்கள். பிள்ளைக்குச் சொல் தெரியாது, உங்களுக்கு முழுவதும் சொல்ல மனம் வராது.

இப்போது தனியார் காப்பீடு எடுத்தால் நோயைக் காட்டி மறுப்பார்களா?

மறுக்க முடியாது, நோய்க்காகக் கூடுதல் சந்தா கேட்கவும் முடியாது. ஆனால் சேர்வதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அறிகுறி தெரிந்த எந்த நோய்க்கும் மருத்துவமனைச் செலவுக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும்; மனநலம், மறுவாழ்வு, வலி தணிப்புப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு இரண்டு மாதம். மலிவான திட்டங்களில் டயாலிசிஸ் போன்றவை விடுபட்டிருக்கும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை தொடரும் ஒருவர் கடன் வாங்கி இதை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உதவி வாங்கினால் குடியுரிமைக்குத் தடை வருமா?

வராது. சட்டப்படி தகுதியுடன் பெறும் மெடிகேர், சென்டர்லிங்க், என்.டி.ஐ.எஸ். உதவிகள் குடியுரிமைத் தகுதிகளில் பார்க்கப்படுவதில்லை. தவறான விவரம் தந்து பெறுவது மட்டுமே பிரச்சினை.

ஒருமுறை மறுத்துவிட்டார்கள். மறுபடியும் புதிதாக விண்ணப்பிக்கவா, மேல்முறையீடு செய்யவா?

முதலில் மறுப்புக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். சென்டர்லிங்க் முடிவுக்கு 13 வாரத்துக்குள் உள் மறுபரிசீலனை கேட்டால், வெற்றி பெற்றதும் பழைய தேதியிலிருந்தே பணம் வரும். பிந்திக் கேட்டால் கேட்ட நாளிலிருந்துதான். என்.டி.ஐ.எஸ். முடிவுக்கு மூன்று மாதம். அதிலும் தோற்றால், 2024 அக்டோபரில் தொடங்கிய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இவ்வகை வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் சமூகநல உரிமை மையங்களும் சட்ட உதவி ஆணையங்களும் இலவச ஆலோசனை தருகின்றன.

புதிய விண்ணப்பம், நிலைமை உண்மையிலேயே மாறியிருந்தாலோ புதிய நோய் கண்டறியப்பட்டிருந்தாலோ மட்டுமே பொருந்தும். நோய் அன்றும் இன்றும் ஒன்றுதான், கடிதம்தான் போதவில்லை என்றால், முன்பு விவரித்தபடி எழுதிய புதிய கடிதத்துடன் மறுபரிசீலனையே கேளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவும் தடையில்லை. பேசிய அதிகாரியின் பெயர், நாள், தந்த பதிவு எண் ஆகியவற்றை அந்த மறுப்புக் கடிதத்தின் பின்புறத்திலேயே எழுதி வையுங்கள். மறுபரிசீலனை அதிகாரி அழைக்கும்போது அந்தப் பதிவு எண் கைவசம் இருப்பது உதவும்.